இரண்டு தட்டினால் போகலாம்

பச்சை விளக்கு விழுந்து எல்லா வண்டிகளும் கிளம்பிய பிறகும் நான் மட்டும் நின்றுகொண்டிருப்பேன். ஒரு காலைத் தரையில் ஊன்றி, மறு காலை மிதியில் வைத்து, காதைப் பின்பக்கம் கொடுத்துக்கொண்டு நிற்பேன். பின்னால் இருப்பவர்கள் ஹாரனை அடித்துத் தீர்ப்பார்கள். "அம்மா, தூங்குறீங்களா?" என்று ஒருவர் கேட்பார். அடுத்தவர் அந்த 'அம்மா'வையும் விட்டுவிட்டுக் கேட்பார். அப்போதுதான் எனக்கு உறைக்கும். என் சைக்கிளுக்குப் பின்னால் ஒன்றும் இல்லை, தட்டுவதற்கும் ஆள் இல்லை என்று.

திருப்பங்களிலும் இதே கூத்துதான். ஒரு ஆள் திரும்பப் போதுமான இடத்தில் நான் பாதிச் சாலையை எடுத்துக்கொண்டு அகலமாகத் திருப்புவேன். இல்லாவிட்டால் உள்பக்கச் சக்கரம் நடைபாதையில் ஏறிவிடும் என்று கைக்குப் பயம். எந்தச் சக்கரம் என்று கைக்கு யார் சொல்வது?

எட்டு மாதங்களுக்கு முன்புவரை அந்தச் சக்கரம் இருந்தது. அதன் மேல் என் தங்கை இருந்தாள்.

நானும் அவளும் வீடு மாற்றிக் கொடுக்கிறவர்கள். பெரிய வீடுகள் இல்லை. ஒற்றை அறைக்காரர்கள்தான் எங்களைக் கூப்பிடுவார்கள். அவர்களுடைய சாமான் லாரிக்குக் காணாது, ஆட்டோவுக்கு அடங்காது. ஒரு மெத்தை, ஒரு வாளி, ஓர் அடுப்பு, ஒரு மின்விசிறி, நாலு பெட்டி, அப்புறம் 'இதை மட்டும் கொஞ்சம் பார்த்து' என்று கெஞ்சலாக நீட்டும் ஏதாவது ஒன்று. அது எல்லோரிடமும் இருக்கும். ஒருவருக்கு மீன் தொட்டி, ஒருவருக்குப் பழைய ரேடியோ. ஒரு பெண் கல்யாணப் படத்தைக் கொடுத்து, முகம் கீழே இருக்கும்படி வைக்கச் சொன்னாள். நாங்கள் ஏன் என்று கேட்கவில்லை. என் தங்கை அதை இரண்டு தலையணைக்கு நடுவில் வைத்தாள்.

கடைத்தெருவில் டிரெய்லர் என்பார்கள். நாங்கள் பின்வண்டி என்போம். இரண்டு சைக்கிள் சக்கரம், நடுவில் கட்டில் அகலத்துக்கு இரும்புச் சட்டம், மேலே பலகை, சுற்றிலும் முழங்கால் உயரத்துக்குக் கம்பி. முன்னால் நீளும் குழாயை என் சைக்கிளின் பின்சக்கரத்தருகே உள்ள கொக்கியில் மாட்டி, விரல் நீள ஆணி ஒன்றைச் செருகினால் முடிந்தது. தெருமுனை வெல்டிங்காரர் அந்தக் கொக்கியை என் சைக்கிளுக்கென்றே அளவெடுத்துச் செய்தார். வேறு எந்தச் சைக்கிளிலும் அது உட்காராது. "ஜோடி பிரிஞ்சா ரெண்டுமே இரும்புக்கடைக்குத்தான்" என்று அன்று சிரித்துக்கொண்டே சொன்னார். அந்த மனுஷனுக்குக் கருநாக்கு.

வேலை இல்லாத நாளிலும் வண்டி சும்மா இருந்ததில்லை. பக்கத்து வீட்டு கேஸ் சிலிண்டர் வரும். ஒருநாள் கால் முறிந்த தையற்காரர் கட்டுப் பிரிக்க எங்கள் வண்டியில் ஏறினார். கட்டுப்போட்ட காலைக் கம்பி மேல் நீட்டிக்கொண்டு, தெரிந்தவர்களைப் பார்த்தெல்லாம் கை காட்டிக்கொண்டு போனார். ஊர்வலம் தோற்றது. பின்வண்டியின் அழகே அதுதான். லாரிக்காரரிடம் 'எங்கே போறீங்க' என்று யாரும் கேட்பதில்லை. எங்களைப் பார்த்தால் கேட்பார்கள். மெத்தை மேல் உட்கார்ந்திருக்கும் தங்கை எல்லோருக்கும் பதில் சொல்லிக்கொண்டு வருவாள்.

எங்கள் இருவருக்கும் கல்யாணம் கூடிவரவில்லை. அதைப் பற்றி எங்களைவிட அடுத்தவர்களுக்குத்தான் கவலை அதிகம். எனக்கு அவள் இருந்தாள். அவள் பின்பக்கம் பார்த்து உட்காருவாள், நான் முன்பக்கம் பார்த்து மிதிப்பேன். நடந்து முடிந்ததெல்லாம் அவள் கண்ணில்தான் படும். "அக்கா, மீசைக்காரர் ஒருத்தர் மூணு தெருவா நம்ம பின்னாடியே வர்றார். உன்னையா என்னையான்னு தெரியல." "அக்கா, நாம கடந்து வந்த வீட்டு மாடியில சண்டை, தலையணை கீழ விழுந்துடுச்சு, இப்ப இன்னொண்ணும் விழுது." நான் திரும்பிப் பார்க்க முடியாது. பார்த்தால் கைப்பிடி ஆடும், ஏற்றிய சாமான் சாயும். அவள் சொல்லச் சொல்ல நானே பார்த்ததுபோல் இருக்கும்.

அதற்காகத்தான் தட்டுவது. முன்னால் இருப்பவள் திரும்பக் கூடாது, பின்னால் இருப்பவள் சொல்வதே முடிவு. அவள் கயிற்றை இழுத்துக் கட்டி, சுற்றி வந்து சரிபார்த்து, கம்பியில் தட்டுவாள். ஒரு தட்டு என்றால் நில். இரண்டு என்றால் போகலாம். இரண்டு கேட்காமல் நான் மிதியை அழுத்தியதே இல்லை.

அன்றும் கேட்டுத்தான் அழுத்தினேன். அதுதான் பிரச்சினை.

அன்றைய ஆளுடைய 'கொஞ்சம் பார்த்து' சாமான் ஒரு பறவைக் கூண்டு. நாலு குருவிகள், நாலும் வாயாடிகள். பின்வண்டியில் வைத்தால் குலுக்கலில் பயந்துவிடும் என்று கூண்டை என் கைப்பிடியில் மாட்டினோம். எப்போதும் அங்கே தொங்கும் என் டிபன் கேரியரை எடுத்துப் பின்பக்க கேரியரில் தொங்கவிட்டேன். சந்து சரிவாக இருந்தது. நான் சைக்கிளை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு குருவிகளுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். பின்னால் டக் டக் என்று கேட்டது. அழுத்தினேன்.

அவள் அப்போதுதான் சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்து, பலகைக்குக் கீழே கயிற்றைக் கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தாள். வலது கையின் மோதிரவிரலும் சுண்டுவிரலும் சக்கரக் கம்பிக்கும் சட்டத்துக்கும் நடுவில் போயின. அவள் கத்தியது இன்னும் என் காதில் இருக்கிறது. குருவிகள் நாலும் வாயை மூடிக்கொண்டன.

மருத்துவமனையில் கட்டுப் போட்டு வெளியே வந்ததும் நான் சொன்ன முதல் வார்த்தை, "நீ தட்டினே, அதான் எடுத்தேன்." ரொம்ப வலிக்கிறதா என்று கேட்டிருக்கலாம். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். பயந்தால் இன்னும் வேகமாக வரும்.

"நான் தட்டலக்கா."

"என் காதால கேட்டேன்."

"கயிறே கட்டி முடிக்கல. நான் எதுக்குத் தட்டப் போறேன்? அப்ப நான் பொய் சொல்றேனா?"

"ஆமா" என்றேன்.

அந்த ஒரு வார்த்தை. அதை எடுத்து விழுங்கிவிட முடிந்தால் ஆணியோடு சேர்த்து விழுங்கியிருப்பேன். ஆனால் அப்போது எனக்கு அது உண்மையாகத்தான் இருந்தது. கேட்டதைக் கேட்கவில்லை என்று எப்படிச் சொல்வது?

கட்டுப் பிரித்தபோது அந்த இரண்டு விரலும் மடங்கவில்லை. மறுவாரம் அவள் போய்விட்டாள். நாலு தெரு தள்ளி ஓர் அச்சகத்துக்கு மேலே அறை. பின்வண்டி அவள் சேமிப்பில் செய்தது, எடுத்துக்கொண்டாள். சைக்கிள் என்னுடையது, வைத்துக்கொண்டேன். இடது கையால் அந்த வண்டியைத் தானே இழுத்துக்கொண்டு போனாள். நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். இறங்கிப் போய் ஒரு கை கொடுத்திருந்தால் குறைந்தா போயிருப்பேன்? போகவில்லை. வண்டி தெருவைத் தாண்டிய பிறகுதான் ஆணி என் சட்டைப்பையிலேயே இருப்பது தெரிந்தது. அன்றிலிருந்து அது அங்கேயேதான் இருந்தது. சட்டை மாற்றும்போது அதையும் மாற்றி வைப்பேன்.

அதற்குப் பிறகு எனக்கு மருந்துக்கடையில் வேலை கிடைத்தது. வீடு வீடாக மருந்து கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். குறுக்குவழி இருந்தும் நான் அச்சகம் வழியாகத்தான் போவேன். பின்வண்டி சுவரோரம் தார்ப்பாய் போர்த்தி நிற்கும். தார்ப்பாயைக் கட்டியிருக்கும் முடிச்சைப் பார்ப்பேன். அவள் முடிச்சு என்றால் கத்தி கேட்கும். இது தளர்ந்து, கோணலாக, மூன்று விரல் போட்ட முடிச்சு. அதைப் பார்த்த அன்றெல்லாம் எனக்குச் சாப்பாடு இறங்காது.

அவள் இல்லாத வீட்டில் என்ன குறைந்தது என்று கேட்டால், சத்தம் குறைந்தது என்பேன். சாலையிலும் அப்படித்தான். எனக்குப் பின்னால் ஊரே நடந்துகொண்டிருக்கிறது, எனக்குச் சொல்ல ஆள் இல்லை. அவள் மறுபடி வந்து பின்னால் உட்கார வேண்டும். எனக்கு வேறு ஆசை கிடையாது. ஆனால் அதற்கு நான் 'நீ தட்டவில்லை' என்று சொல்ல வேண்டும். கேட்ட காதை வைத்துக்கொண்டு அதை எப்படிச் சொல்வேன்? வாய்க்காகச் சொன்னால் அவள் கண்டுபிடித்துவிடுவாள். என் பொய்யை அவள் முதுகைத் திருப்பிக்கொண்டே கண்டுபிடிப்பாள்.

போன வாரம் வெல்டிங்காரர் கடை வாசலில் என்னைக் கை தட்டி நிறுத்தினார்.

"சின்னவளுக்கு வேலை கிடைச்சிருக்கு. பாலத்துக்கு அந்தப் பக்கம், கண்ணாடிச் சாமான் கிடங்குல பேக்கிங் பிரிவு. மேற்பார்வையாம். அங்கேயே அறை. வெள்ளிக்கிழமை காலையில போகுது."

நாலு தெரு என்றால் தினமும் பார்த்துக்கொண்டு போகலாம். பாலத்துக்கு அந்தப் பக்கம் எனக்கு என்ன மருந்து இருக்கிறது?

"சாமான் ஏத்த உன் சைக்கிள் வேணுமாம்" என்றார். "சைக்கிள் மட்டும். ஆள் வேணாமாம்."

"சைக்கிள் வந்தா ஆளும் கூட வரும்னு சொல்லுங்க."

மறுநாள் பதில் வந்தது. "அப்ப ரெண்டும் வேணாமாம். வேன் பிடிச்சுக்குதாம்." அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். "உங்க ரெண்டு பேரையும் சேத்துப் பத்த வைக்க எங்கிட்ட வெல்டிங் ராடு இல்லம்மா."

வியாழக்கிழமை மருந்துக்கடையில் ஒரு பெரிய பை கொடுத்தார்கள். படுக்கையில் இருக்கும் ஒரு பெரியவருக்கான பஞ்சும் விரிப்பும், தலையணை அளவு. அது கைப்பிடி முழுவதையும் அடைத்துக்கொண்டது. டிபன் கேரியரை எடுத்துப் பின்பக்க கேரியரில் தொங்கவிட்டேன்.

நாற்சந்தியில் சிவப்பு. நின்றேன். பச்சை விழுந்தது. வழக்கம்போல் காதைப் பின்னால் கொடுத்து நின்றேன். ஹாரன்கள். கால் மாற்றி ஊன்றியதில் சைக்கிள் கொஞ்சம் சாய்ந்தது.

டக் டக்.

என் கால் தானாக மிதியை அழுத்தியது. நாற்சந்தி நடுவில் போனபிறகுதான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பின்னால் வண்டி இல்லை. தங்கை இல்லை. யார் தட்டியது? அங்கேயே பிரேக் பிடித்தேன். ஒரு பேருந்து என்னைச் சுற்றிக்கொண்டு போனது. ஓட்டுநர் சொன்னதை இங்கே எழுத முடியாது.

சைக்கிளை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய் மறுபடி சாய்த்தேன். டிபன் கேரியர் ஆடி மட்கார்டில் ஒருமுறை இடித்தது, திரும்பி வந்து இன்னொருமுறை இடித்தது. டக் டக். மறுபடி சாய்த்தேன். டக் டக். நாலாவது முறைக்கு என்னால் நிற்க முடியவில்லை. நடைபாதையில் உட்கார்ந்து அழுதேன். என் சாப்பாட்டை நம்பி என் தங்கையைப் பொய்க்காரி என்றிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். கேரியரில் டிபன் கேரியரைத் தொங்கவிட்டிருந்தேன். அவள் மெத்தையைச் சுருட்டி வாசலுக்கு இழுத்துக்கொண்டிருந்தாள். எட்டு மாதத்தில் இளைத்திருந்தாள். அந்த இரண்டு விரலும் மெத்தையைப் பிடிக்காமல் தனியாக நீட்டிக்கொண்டிருந்தன.

"வேன் சொல்லியிருக்கேன்" என்றாள், என்னைப் பார்க்காமல்.

"சரி. அது வரட்டும். ஒரு நிமிஷம் இதைக் கேளு."

சைக்கிளைச் சாய்த்தேன். டக் டக். அவள் நிமிர்ந்து பார்த்தாள். மறுபடி சாய்த்தேன்.

"அன்னைக்குக் குருவிக்கூண்டு முன்னாடி இருந்துச்சு. இது பின்னாடி இருந்துச்சு" என்றேன். "நேத்துதான்டி தெரிஞ்சுது. நீ தட்டல."

அவள் டிபன் கேரியரைப் பார்த்தாள். "இதுவா? எட்டு மாசமா நான்தான் தட்டினேன்னு நீ சாதிச்சது இந்தச் சோத்துச் சட்டியை நம்பியா?"

"ஆமா. தப்பு என்னுது. மன்னிச்சுடு."

"விரல் போனதுக்கு நான் அழலக்கா." மெத்தையைக் கீழே விட்டாள். "என் வார்த்தையை நம்பித்தானே நீ வண்டியே எடுப்பே. பத்து வருஷம் திரும்பிக்கூடப் பாக்காம எடுத்தே. அப்படிப்பட்டவ நான் பொய் சொல்றேன்னியே, அதுக்குத்தான் அழுதேன்."

சட்டைப்பையில் இருந்து ஆணியை எடுத்து நீட்டினேன். அவள் அதை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். என் பையிலேயே கிடந்து தேய்ந்து பளபளத்தது. "இதை வெச்சுக்கிட்டு என்ன பண்ணினே, காது குடைஞ்சியா?" என்றாள். பிறகு முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டு வேன்காரருக்குப் போன் போட்டு, வர வேண்டாம் என்றாள்.

அவள் சாமானும் ஒற்றை அறைக்காரர்களுடையது போலத்தான் இருந்தது. ஒரு மெத்தை, ஒரு வாளி, ஓர் அடுப்பு, ஒரு மின்விசிறி. 'கொஞ்சம் பார்த்து' சாமான் எது என்று கேட்டேன். இல்லை என்றாள். அவள் எந்தெந்த இடத்தில் எதை வைக்க வேண்டும் என்று விரல் காட்டினாள், நான் வைத்தேன். இறுக்கி முடிச்சுப் போட அவளால் முடியவில்லை, நான் போட்டேன். அவள் அதை அவிழ்த்துவிட்டு இன்னொருமுறை போடச் சொன்னாள். டிபன் கேரியரை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு மெத்தை மேல் ஏறி உட்கார்ந்தாள்.

இரண்டு தட்டு. கம்பியில், கைவிரல் எலும்பால். இதையும் அந்தத் தகரச் சத்தத்தையும் நான் எப்படி ஒன்றென்று நினைத்தேனோ தெரியவில்லை. மிதியை அழுத்தினேன். பின்னால் கனம் இழுத்தது. எட்டு மாதமாக என் சைக்கிள் காற்றில் போய்க்கொண்டிருந்தது. அன்றுதான் தரையில் போனது.

"அக்கா, வெல்டிங்காரர் கடையை விட்டு வெளிய வந்து நிக்கிறார். கண்ணாடியைத் துடைக்கிறார். மறுபடி போட்டுப் பாக்கிறார்."

"சிரிக்கிறாரா?"

"சிரிக்கிறார். கையையும் தலைக்கு மேல தூக்கிட்டார்."

பாலத்து ஏற்றத்தில் இறங்கிப் பின்னால் இருந்து தள்ளினாள். எதிர்க்காற்றில் அவள் பேசியதில் பாதிதான் கேட்டது. வழி இன்னும் நீளமாக இருக்கக் கூடாதா என்று வேண்டிக்கொண்டே மிதித்தேன். வேண்டினால் வழி நீள்கிறதா என்ன? கிடங்கின் நீலக் கதவு வந்துவிட்டது.

அறை தரைத்தளத்தில் இருந்தது, ஜன்னல் ஒன்று. அரைமணி நேரத்தில் எல்லாம் உள்ளே போய்விட்டது. மின்விசிறியைச் சுழல விட்டுப் பார்த்தேன். வாளியைக் குளியலறையில் வைத்தேன். பிறகு இன்னொருமுறை நகர்த்தி வைத்தேன். "போதும்க்கா, அது வாளிதான்" என்றாள்.

"திரும்பி வந்துடேன்" என்றேன். நேராகவே கேட்டுவிட்டேன். "நான் ஏத்துறேன், கட்டுறேன். நீ சும்மா உக்காந்து பேசிட்டு வந்தாப் போதும்."

அவள் அந்த விரல்களைத் தடவிக்கொண்டாள். "வேலையில சேர்றேன்னு சொல்லிட்டேன். எனக்கும் பிடிச்சிருக்கு. கண்ணாடி உடையாம எப்படி அடுக்கணும்னு நான் சொல்லணும், பத்து பேர் கேக்கணும். நீ ஒருத்தி கேட்டதுக்கே எனக்குத் தலைகால் புரியல." சிரித்தாள். "வண்டியை நீயே கொண்டுபோ. இங்க நிறுத்த இடமில்ல."

வாசலுக்கு வந்தோம். நான் சைக்கிளில் ஏறி ஒரு காலை ஊன்றினேன். பின்வண்டி காலியாக இருந்தது. பலகையில் மெத்தை இருந்த இடத்தில் மட்டும் தூசி இல்லை. அவள் டிபன் கேரியரைக் கைப்பிடியில், முன்பக்கம், நானே பார்க்கும்படி மாட்டினாள். அப்புறம் பின்னால் போனாள்.

பழக்கம்தான். நான் திரும்பவில்லை. காதைக் கொடுத்து நின்றேன்.

டக் டக்.

தெளிவாகக் கேட்டது. அவள் கைதான், எந்தச் சந்தேகமும் இல்லை. போகலாம் என்கிறாள். என் கால் மிதியில்தான் இருந்தது. நான் அழுத்தவில்லை.

"அக்கா? தட்டிட்டேன்ல?"

"ஒண்ணுதான் கேட்டுச்சு" என்றேன்.

கிடங்குக்குள் யாரோ பெட்டி இழுக்கும் சத்தம் மட்டும் வந்தது. என் பொய்யை முதுகைத் திருப்பிக்கொண்டே கண்டுபிடிக்கிறவள் அவள். கம்பியில் அவள் கை உரசுவது கேட்டது. நான் அப்படியே காத்திருந்தேன்.

ஒரே ஒரு தட்டு தட்டினாள். பலகை லேசாக அமுங்கியது. ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

"பத்து நிமிஷம்தான்" என்றாள். "டிபன்ல என்ன இருக்கு?"